உச்சியில் பனி, அடிவாரத்தில் மழை: இங்கிலாந்துக் குன்றுகளில் முதல் வெண்பனி எப்படி விழுகிறது?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், கிராஸ் ஃபெல் உச்சி வெள்ளையாகத் தெரியும் படத்தை யாராவது வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவார்கள். பத்து நிமிடத்தில் லெஸ்டரில் இருக்கும் நண்பர், "இந்த வருஷம் குளிர் உயிரை எடுக்கப் போகுது" என்பார். அன்று மாலையே மதுரையிலிருந்து அக்கா கூப்பிட்டு, "அங்கே ஸ்னோ கொட்டுதாமே, வெளியே போகாதே" என்பார். நான் இருப்பது வட இங்கிலாந்தின் பென்ரித்தில். கிராஸ் ஃபெல் இங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த நேரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே 6 டிகிரியில் சாதாரண மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

படமும் பொய்யில்லை, மழையும் பொய்யில்லை. ஒரே மேகக்கூட்டம் ஓரிடத்தில் மழையையும், கொஞ்சம் உயரத்தில் பனியையும் தருகிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால் அக்காவின் பயமும் நண்பரின் ஆரூடமும் எங்கே பிசகுகின்றன என்பது தானாகவே தெரிந்துவிடும். அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மண்பானையும் சைக்கிள் டியூபும் தெரிந்திருந்தால் போதும்.

## எந்தப் பனி?

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லுக்கு வேலை அதிகம். மார்கழிப் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் நிற்கும் நீர்த்துளியும், தலையை நனைக்கும் ஈரக் காற்றும். மூடுபனி என்றால் தரையைத் தொட்டு நிற்கும் மேகம். உறைபனி என்பது குளிர்ந்த தரையிலும் இலையிலும் நேரடியாகப் படியும் வெள்ளைப் படிகம். அது வானத்திலிருந்து விழுவதே இல்லை. ஆலங்கட்டி கல்லாக விழுவது.

இந்தக் கட்டுரை பேசுவது வெண்பனியைப் பற்றி. மேகத்துக்குள் உருவான பனிப் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பஞ்சுப் பிசிறு போல மிதந்து விழுவது அது. ஒவ்வொரு பிசிறையும் பனிச்செதில் என்று வைத்துக்கொள்வோம். செதில் பாதி உருகி மழையோடு கலந்து விழுந்தால் அதை இங்கே 'ஸ்லீட்' என்பார்கள். நான் பார்த்தவரை, "ஸ்னோ வந்துடுச்சு" என்று அக்டோபரில் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் ஸ்லீட்தான்.

'ஃபெல்' என்பது வட இங்கிலாந்தில் மரமில்லாத உயரமான குன்றுக்கு உள்ள பெயர். வைக்கிங்குகள் கொண்டுவந்து விட்டுப்போன சொல். கிராஸ் ஃபெல் 893 மீட்டர். நாட்டின் முதுகெலும்பு போல ஓடும் பென்னைன் மலைத்தொடரில் அதுதான் உயரம். இங்கிலாந்து முழுவதற்கும் உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். உலக மலைகளோடு பார்த்தால் இவை சின்னக் குன்றுகள். ஆனாலும் இந்தச் சில நூறு மீட்டரில்தான் எல்லாமே நடக்கிறது.

## மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

உயரே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், அப்படியானால் சூடல்லவா கூட வேண்டும் என்று என் பையன் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வி. சூரியன் இருக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கிலேயே வராது. காரணம் காற்றிடம் இருக்கிறது.

சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா? வெளியே வரும் காற்று விரலில் சில்லென்று படும். உள்ளே நெருக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காற்று சட்டென்று விரிகிறது. விரிவதற்கு ஆகும் செலவைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துவிடுகிறது. மலைமேல் ஏறும் காற்றுக்கும் இதேதான். உயரே போகப் போக மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது. காற்று விரிகிறது, குளிர்கிறது.

எவ்வளவு குளிரும் என்பது அன்றைய காற்றின் ஈரத்தையும் தன்மையையும் பொறுத்தது. கைக்கணக்காக, 100 மீட்டர் ஏறினால் 0.7 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். பென்ரித்தில் 6 டிகிரி என்றால், அங்கிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரே இருக்கும் கிராஸ் ஃபெல் உச்சியில் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

சரி, ஒரு டிகிரியில் பனி எப்படி விழும்? பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டாமா?

## மழையும் பனியாகத்தான் புறப்படுகிறது

பலருக்கும் வியப்பாக இருக்கும் விஷயம் இது. இங்கிலாந்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேகத்துக்குள் பனியாகத்தான் பிறக்கிறது. மேகத்தின் மேற்பகுதி பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர்ந்திருக்கும். அங்கே படிகம் வளர்ந்து, கனமாகி, விழத் தொடங்குகிறது. கீழே வரவர காற்று சூடாகிறது. ஓரிடத்தில் பூஜ்யத்தைத் தாண்டுகிறது. அந்த உயரத்துக்கு உறைநிலை மட்டம் என்று பெயர்.

அதைத் தாண்டியவுடன் செதில் மறைந்துவிடாது. உருகுவதற்கு நேரம் வேண்டும். பனிச்செதில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். மழைத்துளி அதைவிடப் பலமடங்கு வேகம். மெதுவாக மிதந்து வந்தும்கூட, முழுதும் உருகுவதற்குள் செதில் வழக்கமாக 200, 300 மீட்டர் இறங்கிவிடுகிறது. விழும் பனி ஸ்லீட்டாக மாறத் தொடங்கும் அந்த உயரத்தைப் பனிக்கோடு என்று சொல்லலாம். அது உறைநிலை மட்டத்துக்குக் கீழே இருக்கும்.

இப்போது பென்ரித் கணக்குக்கு வருவோம். ஊரில் 6 டிகிரி. உறைநிலை மட்டம் ஏறக்குறைய 1000 மீட்டரில், அதாவது கிராஸ் ஃபெல் உச்சிக்கும் மேலே, காற்றில் இருக்கிறது. ஆனாலும் பனிக்கோடு 700, 750 மீட்டருக்கு இறங்கிவிட்டது. உச்சியின் கடைசி நூற்றைம்பது மீட்டர் வெள்ளையாகிறது. அதற்குக் கீழே ஸ்லீட், ஊருக்குள் மழை.

ஆக, இதுவரை வந்தது இவ்வளவுதான். பனியா மழையா என்பதைத் தீர்மானிப்பது நம் காலடியில் இருக்கும் குளிர் மட்டுமல்ல. விழும் செதிலுக்கும், வழியில் கிடக்கும் சூடான காற்றுக்கும் நடுவே ஒரு பந்தயம் நடக்கிறது. குன்று பந்தயத் தூரத்தைக் குறைத்துவிடுகிறது. செதில் உருகி முடிப்பதற்குள் தரை வந்துவிடுகிறது.

## சட்டைக் கையில் பார்த்தது

பென்ரித்திலிருந்து ஆல்ஸ்டனுக்குப் போகும் ஏ686 சாலை மெல்மர்பி என்ற கிராமத்தைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறும். ஹார்ட்சைட் கணவாயில் ஏறக்குறைய 580 மீட்டரைத் தொடும். ஒரு நவம்பர் முதல் வாரத்தில் அந்த வழியாகப் போனேன். மெல்மர்பியில் காரின் வெப்பமானி 4 காட்டியது. கண்ணாடியில் மழை, வைப்பர் நன்றாகத் துடைத்தது. நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ துளிகள் கண்ணாடியில் விழும் சத்தம் மாறியது. 'டப் டப்' என்பது போய், ஈரத்துணியைத் தட்டுவது போல மொத்தையாக ஒலித்தது. வெப்பமானி 2. துளியின் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வழுக்கி இறங்கியது. அதுதான் ஸ்லீட்.

மேலே போய் வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். 1 டிகிரி. கறுப்பு ஜாக்கெட்டின் கையை நீட்டியபோது விழுந்தவை ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்தன. அழகான ஆறுமூலை நட்சத்திரங்கள் இல்லை. பத்து இருபது நட்சத்திரங்கள் ஈரத்தில் ஒட்டிச் சேர்ந்த கட்டிகள். துணியில் பட்டு இரண்டு மூன்று நொடி நின்று, ஓரத்திலிருந்து கண்ணாடி போலத் தெளிந்து, நீராகிப் போயின. இங்கே நிறையப் பனி விழுவது பெரும்பாலும் இந்தப் பூஜ்யம் முதல் 2 டிகிரி வரையிலான காற்றில்தான். ஓரம் லேசாக உருகிய செதில் பசை போல ஒட்டும், அதனால் பெரிதாகும். கடுங்குளிரில் விழும் பனி பொடிப்பொடியாக இருக்கும். "குளிர் கூடக் கூடப் பனியும் கூடும்" என்று பலரும் சொல்வதை நான் ஏற்காததற்கு இந்தச் சட்டைக் கைதான் காரணம்.

## ஐஸ்கட்டியும் மண்பானையும்

பனிக்கோடு ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. மழை வலுத்தால் அது கீழே இறங்கும். இது எப்படி என்று கேட்டால், ஒரு டம்ளர் ஜூஸில் ஐஸ் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் உருகுவதற்கு வேண்டிய சூட்டை ஜூஸிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால்தான் ஜூஸ் குளிர்கிறது. கோடிக்கணக்கான செதில்கள் காற்றில் உருகும்போது அந்தக் காற்றும் அப்படியே குளிர்கிறது. ஐஸ் நிறைய இருந்தால், அதாவது பொழிவு பலமாக இருந்தால், உருகும் அடுக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடுத்து வரும் செதில்கள் உருகாமல் இன்னும் கீழே இறங்கும். தூறலுக்கு இந்தப் பலம் கிடையாது.

காற்று உலர்ந்திருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உருகத் தொடங்கிய செதிலின் ஈரமும் உலர்ந்த காற்றில் ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். அதனால் உலர்ந்த காற்றில் 3, 4 டிகிரியில்கூடப் பனி தரை வரை வரலாம். ஈரம் நிறைந்த காற்றில் அதே 3 டிகிரிக்கு வெறும் மழைதான்.

2008 அக்டோபர் 28 அன்று லண்டனில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று, மாலையில் நல்ல மழை, இருட்டிய பிறகு அது பனியாக மாறியது. லண்டனில் அக்டோபர் மாதத்தில் பனி விழுந்தது 1934-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. நகருக்கு வடமேற்கே இருக்கும் சில்டர்ன் குன்றுகளில் அது நன்றாகவே படிந்தது. அந்தக் குன்றுகள் 270 மீட்டரைக்கூட எட்டாதவை. ஆனால் பனிக்கோடு அதற்கும் கீழே வந்துவிட்ட இரவு அது.

## சூரியன் ஒன்றுதான், கடல் வேறு

வடக்கே ஆர்க்டிக்கிலிருந்து புறப்படும் காற்று நார்வே கடலைத் தாண்டி இங்கே வருகிறது. அக்டோபர் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, பிப்ரவரி நடுவிலும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. அப்படியிருந்தும் பிப்ரவரிப் பனி வழக்கமான சங்கதி, அக்டோபர்ப் பனி செய்தி. ஏன்?

கடல்தான் காரணம். பெரிய அண்டாவில் தண்ணீர் சுட்டால், அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும் அல்லவா? கோடையின் சூட்டைக் கடல் அப்படிப் பிடித்துவைத்திருக்கிறது. இங்கிலாந்தைச் சுற்றிய கடல் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் உச்சச் சூட்டுக்கு வருகிறது. அக்டோபரில் வடகடலின் நீர் பெரும்பாலும் பத்து டிகிரிக்கு மேலேயே இருக்கும். பிப்ரவரியில் ஆறு, ஏழு. மேலே வரும் ஆர்க்டிக் காற்றை அக்டோபர்க் கடல் அடியிலிருந்து சூடாக்கிவிடுகிறது. கரை தொடும்போது காற்றின் அடிப்பகுதி பனிக்கு ஏற்றதாக இருப்பதில்லை. மேற்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த மேற்பகுதிக்குள் தலையை நீட்டி நிற்பது குன்று மட்டும்தான்.

கடலிலிருந்து சூட்டோடு ஈரமும் ஏறுகிறது. அடி சூடு, மேலே குளிர் என்றால் காற்று கொதிக்கும் பானை போலக் கிளறிக்கொண்டு, விட்டுவிட்டுப் பெய்யும் மழைத்திரள்களாகிறது. காற்றின் திசை வடகிழக்கு என்றால் அவை கிழக்கே உள்ள நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலத்தின் மீதும் பென்னைன்ஸின் கிழக்குச் சரிவிலும் கொட்டும். வடமேற்கு என்றால் மேற்கே உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கு. அதனால்தான் ஒரு பள்ளத்தாக்கில் வெயிலும், அடுத்த குன்றில் வெள்ளையுமாக இருக்கும்.

கடல் ஆறுவதற்கு இத்தனை காலம் எடுப்பதால்தான் இந்த நாட்டில் டிசம்பரைவிட மார்ச்சில் பனி விழும் வாய்ப்பு சற்று அதிகம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் நம்பவைத்திருப்பது வேறு கதை.

## விழுவது வேறு, படிவது வேறு

விழும் பனியெல்லாம் தங்குவதில்லை. அக்டோபரில் மண்ணும் இன்னும் சூடு ஆறாமல் இருக்கும். முதலில் வெளுப்பது புல்; அதன் நுனிகள் காற்றில் தூக்கி நிற்பதால் மண்ணின் சூடு எட்டாது. தார்ச்சாலை கடைசியில்தான் வெளுக்கும். பிரிட்டனின் வானிலைத் துறை காலை 9 மணிக்குத் தரையில் பாதிக்கு மேல் மூடியிருந்தால்தான் 'பனி படிந்த நாள்' என்று கணக்கில் எழுதும். விழுந்த நாள்களின் எண்ணிக்கையும் படிந்த நாள்களின் எண்ணிக்கையும் வெவ்வேறு என்பதை மறந்து பேசுவதால் வரும் குழப்பம் அதிகம்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு மில்லிமீட்டர் மழை பனியாக விழுந்தால் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் உயரம். அப்புறம் காற்று. காற்று வீசினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். வடக்கு யார்க்‌ஷயரில் 528 மீட்டர் உயரத்தில் டான் ஹில் இன் இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரமான இடத்தில் உள்ள பப். 2021 நவம்பர் 26 வெள்ளி இரவு, இசை நிகழ்ச்சிக்கு வந்த அறுபது பேருக்கு மேல் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அர்வென் புயல் வடக்கிலிருந்து வீசியது. நார்தம்பர்லண்டில் மணிக்கு 158 கிலோமீட்டர் வேகம் பதிவானது. காற்று திறந்த மேட்டிலிருந்த பனியை வாரிக்கொண்டு வந்து கட்டடத்தின் மேலும் சாலையிலும் குவித்துவிட்டது. மூன்று இரவு அங்கேயே தங்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தரை தெரியும், பத்தடி தள்ளி கதவை மறைக்கும் குவியல் நிற்கும். அங்கே "எத்தனை சென்டிமீட்டர் பனி" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது.

சுருக்கமாக, மேகத்திலிருந்து பனியாக வர வேண்டும், வழியில் உருகாமல் தப்ப வேண்டும், தரையில் விழுந்த பிறகும் நிலைக்க வேண்டும். மூன்றுக்கும் உயரம் உதவுகிறது.

## மலைமேல் போய் அளந்தவர்

இந்தக் குன்றுகளின் குளிரை யாரும் சரியாக அளக்காமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கார்டன் மேன்லி என்ற வானிலை ஆய்வாளர் 1930-களில் கிராஸ் ஃபெல்லுக்கு அருகே 848 மீட்டர் உயரமுள்ள கிரேட் டன் ஃபெல்லைத் தேர்ந்தெடுத்தார். உச்சியருகே ஒரு சின்ன மரக்குடிசை. அங்கே ஏறிப்போய், தங்கி, வெப்பத்தையும் காற்றையும் பனியையும் குறித்தார். இங்கிலாந்தின் உயர்நிலத் தட்பவெப்பம் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றின் அடித்தளம் அந்தக் குறிப்புகள். இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659 வரை பின்னோக்கிச் செல்லும் மாதாந்திர வெப்பநிலைத் தொடரைத் தொகுத்தவரும் இவரே. இப்போது அதே உச்சியில் விமானப் போக்குவரத்துக்கான ரேடாரின் வெள்ளைக் கோளம் நிற்கிறது. முதல் பனி விழுந்த காலையில் கோளம் எது, குன்று எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இன்றும் மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை தொடர்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா சார்பில், டிசம்பர் தொடங்கி ஈஸ்டர் வரை, ஒருவர் தினமும் 950 மீட்டர் ஹெல்வெலினில் ஏறி, உச்சியின் வெப்பம், காற்று, பனியின் நிலை எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தருகிறார். முதல் பனியோ பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியதும் மாலை சட்டென்று இருட்டிவிடும். ஊரில் 7 டிகிரி என்று சாதாரண ஷூவில் கிளம்பும் ஆள், மேலே ஈரப்பனி மூடிய பாறையில் இருட்டோடு நிற்பார். அக்காவின் "ஜாக்கிரதை" ஊரில் இருக்கும் எனக்குத் தேவையில்லை. குன்றேறப் போகிறவர்களுக்கு அது மிகவும் தேவை. கிளம்புமுன் ஊரின் வெப்பநிலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஊரிலிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.7 கழித்துப் பாருங்கள். 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் பனிக்குத் தயாராகப் போங்கள்.

## முதல் பனி ஜோசியம் சொல்லுமா?

நண்பரின் ஆரூடத்துக்கு வருவோம். அர்வென் புயல் நவம்பர் கடைசியில் பனியைக் குவித்தது. ஐந்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 1 அன்று, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 16.3 டிகிரி. பிரிட்டனின் பதிவுகளிலேயே மிகச் சூடான புத்தாண்டு நாள் அது. மறுபக்கம், 2010 நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிய பனி விடவே இல்லை. அந்த டிசம்பரின் சராசரி, மேன்லி தொகுத்த அதே தொடரில், மைனஸ் 0.7 டிகிரி. நூறு ஆண்டுக்கு மேல் அப்படியொரு குளிர்ந்த டிசம்பர் வந்ததில்லை.

ஒரே காலகட்டத்தில் வந்த முன்பனி, ஒரு வருடம் கடுங்குளிருக்கு முன்னால், ஒரு வருடம் வசந்தம் போன்ற புத்தாண்டுக்கு முன்னால். ஆர்க்டிக் காற்று இரண்டு மூன்று நாள் இந்தப் பக்கம் திரும்பியது என்பதைத்தான் குன்றின் வெள்ளை சொல்கிறது. அந்தத் திசை நிலைக்குமா மாறுமா என்பது அட்லாண்டிக் மீது அடுத்தடுத்து உருவாகும் காற்றழுத்த மண்டலங்களின் கையில் இருக்கிறது. உச்சியில் விழுந்த நாலு அங்குலத்துக்கு அது தெரியாது.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பிய அன்று காலை, கிராஸ் ஃபெல்லின் வெள்ளையின் கீழ்விளிம்பு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. பனிக்கோடு இரவில் நின்ற உயரம் அது. பதினோரு மணிக்குக் கோடு கலைந்து மேலே ஏறத் தொடங்கியது. மறுநாள் மதியம் குன்று மறுபடி பழுப்பாகிவிட்டது. கற்சுவர்களின் வடக்குப் பக்கத்தில், காற்று சேர்த்துவைத்த இடங்களில் மட்டும், பென்சில் கீறல் போல வெள்ளை மிச்சமிருந்தது.